இலங்கை ரூபாய் சரிந்தால் கொழும்பு டூர் மலிவாகிவிடுமா? டிக்கெட் போடும் முன் ஒரு கணக்கு

2022 டிசம்பர் லீவுக்கு எங்கே போகலாம் என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஓடியது நினைவிருக்கிறதா? அப்படின்னா இந்த ஸ்கிரீன்ஷாட்டும் உங்களுக்கு வந்திருக்கும்: '1 இந்திய ரூபாய் = 4.4 இலங்கை ரூபாய்'. 2021-இல் அதே நேரத்தில் அது 2.7 ஆக இருந்தது. கீழேயே யாராவது ஒருவர், "மச்சி, பாதி விலைக்கு ஃபாரின் ட்ரிப்" என்று எழுதியிருப்பார்.

அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் அதுவரை கட்டாயமாக நிரப்ப வேண்டியிருந்த 'ஏர் சுவிதா' படிவத்தை 2022 நவம்பர் 22 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. கொரோனா கெடுபிடியும் குறைந்திருந்தது, அந்த ஊர்ப் பணமும் சரிந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வருமா என்று தோன்றியது இயல்புதான்.

கொஞ்சம் பொறுங்க. இந்த இரண்டு செய்திகளும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து 'பாதி விலை' என்று போடும் கணக்கு தவறு. எங்கே தவறு, எவ்வளவு தவறு, அப்படியென்றால் போகலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இலங்கை ரூபாய் ஏன் சரிந்தது?

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலருக்கு சுமார் 203 இலங்கை ரூபாய் என்ற அளவில்தான் அதிகாரபூர்வ விலை இருந்தது. சந்தை அந்த விலையை முடிவு செய்யவில்லை, மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. ஆனால் நாட்டுக்குள் டாலர் வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக் கொண்டிருந்தன.

சுற்றுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். சுற்றுலா வருமானம் சுமார் 440 கோடி டாலர். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு முதல் அடி. அடுத்த ஆண்டே கொரோனா. 2021-இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு, வருமானம் சுமார் 50 கோடி டாலர். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு.

அடுத்தது வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். வங்கியில் அனுப்பினால் டாலருக்கு 203 ரூபாய், வெளியே 'உண்டியல்' முறையில் அனுப்பினால் அதைவிட அதிகம். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? 2020-இல் வங்கி வழியாக வந்தது சுமார் 710 கோடி டாலர். 2021-இல் அது சுமார் 550 கோடியாகக் குறைந்தது. 2019 இறுதியில் கொடுத்த பெரிய வரிச்சலுகைகளால் அரசின் வருமானமும் சரிந்திருந்தது. கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் மட்டும் குறையவில்லை.

2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மார்ச் முடிவதற்குள் டாலர் 300 ரூபாயை நெருங்கியது. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மே மாதம் டாலர் 360-ஐத் தொட்டது. அந்த மாதங்களில் நடந்தது உங்களுக்கே தெரியும்: 13 மணி நேர மின்வெட்டு, பெட்ரோல் வரிசை, ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள், சில நாட்களில் நாட்டைவிட்டு வெளியேறிய கோட்டாபய ராஜபக்ச.

2022 நவம்பரில் டாலர் 365 ரூபாய்க்கு அருகில் நிலையாக நின்றது. உங்கள் குரூப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டின் பின்கதை இதுதான்.

சரி, 'பாதி விலை' கணக்கில் என்ன தப்பு?

பணத்தின் மதிப்பு மட்டும் மாறி, கடையில் விலை அப்படியே இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் எரிபொருள், மருந்து, பால்மா, கோதுமை என்று முக்கியமான பலவற்றை டாலர் கொடுத்து வாங்கும் நாட்டில், பணம் சரிந்தால் விலை சும்மா இருக்காது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அக்டோபரில் 66 சதவீதம். உணவுப் பொருட்களில் மட்டும் அக்டோபரில் 85.6 சதவீதம்.

இதை உங்கள் பாக்கெட் கணக்காக மாற்றிப் பார்ப்போம்.

2021 அக்டோபரில் கொழும்பில் 100 இலங்கை ரூபாய்க்கு ஒரு பொருள். ஒரு இந்திய ரூபாய்க்கு 2.7 இலங்கை ரூபாய் என்றால், உங்களுக்கு ஆன செலவு சுமார் 37 ரூபாய்.

2022 அக்டோபரில் அதே பொருள் சராசரிப் பணவீக்கத்தின்படி 166 இலங்கை ரூபாய். ஒரு இந்திய ரூபாய்க்கு 4.4 கிடைத்தாலும், உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 37 ரூபாய் 70 காசு.

ஆமாம், கிட்டத்தட்ட அதே விலை. கொஞ்சம் கூடவே.

அதுவே சாப்பாட்டுப் பொருளாக இருந்தால், 100 ரூபாயாக இருந்தது 185 ரூபாயைத் தாண்டியிருக்கும். இந்திய ரூபாயில் 37-ஆக இருந்தது 42 ஆனது.

பெட்ரோல் இன்னும் மோசம். ஒரு லிட்டர் 92 ஆக்டேன் 2021 நவம்பரில் 157 இலங்கை ரூபாய். 2022 ஜூனில் 470 வரை போய், நவம்பரில் 370-இல் நின்றது. இந்திய ரூபாயில் 58-ஆக இருந்தது 84 ஆனது. டாக்ஸி வைத்து கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றும் திட்டம் இருந்தால், கூகுளில் பார்த்த ரேட்டைவிட இந்தக் கணக்குதான் உங்களுக்குத் தேவை.

இது சராசரிக் கணக்கு. எல்லாப் பொருளும் ஒரே அளவில் ஏறாது. பேருந்து, ரயில் போன்றவற்றில் அப்போதும் உங்களுக்கு லாபம் இருந்திருக்கலாம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பணச்சரிவு கொடுத்த தள்ளுபடியை விலைவாசி ஏறக்குறைய முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டது.

டாலரில் விலை போட்டிருந்தால் என்ன ஆகும்?

இது பலர் கவனிக்காத விஷயம். சுற்றுலாப் பயணியாக நீங்கள் செய்யும் பெரிய செலவுகள் பல, அந்த ஊர்ப் பணத்தில் இருப்பதே இல்லை.

விமான டிக்கெட் உலகச் சந்தை எரிபொருள் விலையோடு போகும். இலங்கையில் சுற்றுலா அதிகார சபையில் பதிவு பெற்ற ஹோட்டல்கள், வெளிநாட்டவரிடம் அந்நியச் செலாவணியில்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்று 2022-இல் மத்திய வங்கி விதியே வைத்திருந்தது. சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமும் டாலரில்தான்: 2022-இல் 30 டாலர். சார்க் நாட்டவரான நமக்கு அப்போது அதில் பாதி.

இங்கே இலங்கை ரூபாய் சரிந்ததா ஏறியதா என்பதே பொருட்டில்லை. நம்ம ரூபாய்தான் முக்கியம். 2022 ஜனவரியில் டாலர் சுமார் 74 ரூபாய் 50 காசு. அக்டோபரில் முதல்முறையாக 83-ஐத் தாண்டி, நவம்பரில் 82-க்கு அருகில் இருந்தது. ஒரு இரவுக்கு 100 டாலர் வாடகை என்றால், ஜனவரியில் 7,450 ரூபாய். நவம்பரில் சுமார் 8,200. 'பாதி விலை' ஊரில் உங்கள் அறை வாடகை 10 சதவீதம் ஏறியிருந்தது.

அதனால் பட்ஜெட் போடும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் அது எந்தப் பணத்தில் விலை போடப்பட்டது என்று எழுதுங்கள். டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் டாலர் பக்கம் அல்லது இந்திய ரூபாய் பக்கம் விழும். ஆட்டோ, சாப்பாடு, பஸ், ரயில், கடைகண்ணி மட்டும்தான் உள்ளூர்ப் பணத்தின் பக்கம் நிற்கும். மூன்று, நான்கு நாள் பயணத்தில் அந்தப் பக்கம் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இது இலங்கைக்கு மட்டும்தானா?

இல்லை. 2022-இல் இன்ஸ்டாகிராமில் அதிகம் பேசப்பட்ட 'மலிவு' ஊர்களுக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம்.

துருக்கி: 2021 அக்டோபர் இறுதியில் ஒரு லிரா வாங்க நமக்கு சுமார் 7 ரூபாய் 80 காசு ஆனது. ஓராண்டு கழித்து 4 ரூபாய் 45 காசு. பார்த்தால் பெரிய தள்ளுபடி. ஆனால் 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85.5 சதவீதம். 100 லிராவுக்குக் கிடைத்தது ஓராண்டில் 185 லிரா ஆனது. நம்ம கணக்கில் 780 ரூபாய் 825 ஆகியிருந்தது.

அதைவிட முக்கியம், அங்கே விலை எந்த வேகத்தில் ஆடியது என்பது. 2021 டிசம்பர் 20 அன்று ஒரு டாலருக்கு 18 லிராவுக்கு மேல் போனது. அன்றிரவே அரசு வங்கி டெபாசிட்டுகளுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் அறிவிக்க, சில மணி நேரத்தில் அது 13-க்கு வந்தது. அன்று காலை பணம் மாற்றியவருக்கும் மறுநாள் மாற்றியவருக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

அர்ஜென்டினா: 2022-இல் அங்கே ஒரு டாலருக்கு ஒரு விலை அல்ல, பல விலைகள் இருந்தன. அதிகாரபூர்வ விலை சுமார் 165 பெசோ. தெருவில் 'நீல டாலர்' என்று சொல்லப்படும் விலை 300-ஐ ஒட்டி. கார்டு தேய்த்தால் முதல் விலை, கையில் டாலர் நோட்டு இருந்தால் இரண்டாவது விலை என்பதால் பயணிகள் கட்டுக்கட்டாக நோட்டு கொண்டுபோனார்கள். 2022 நவம்பரில்தான் வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் சந்தையை ஒட்டிய விலை கிடைக்க அங்கே மத்திய வங்கி வழி செய்தது. எகிப்திலும் 2022 அக்டோபர் 27 அன்று ஒரே நாளில் டாலர் 19.7 பவுண்டிலிருந்து 23 ஆனது.

ஜப்பான்: இது வேறு ரகம். 2021 நவம்பரில் ஒரு டாலருக்கு 114 யென். 2022 அக்டோபரில் 150-ஐத் தாண்டிப் போய், நவம்பரில் 140-க்கு அருகில் வந்தது. ஆனால் அப்போது அங்கே விலைவாசி உயர்வு 4 சதவீதத்துக்கும் குறைவு. அதுவே அவர்களுக்கு 40 ஆண்டுகளில் இல்லாத உயர்வு! 10,000 யென் பொருளுக்கு 2021-இல் நீங்கள் கொடுத்திருக்கக்கூடியது சுமார் 6,570 ரூபாய். 2022 நவம்பரில் விலை ஏற்றத்தையும் சேர்த்துச் சுமார் 6,060 ரூபாய். டோக்கியோ எப்போதுமே காஸ்ட்லி ஊர்தான். ஆனால் இந்தப் பட்டியலில் உண்மையாகவே மலிவானது அதுதான்.

இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது. பணம் எவ்வளவு சரிந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே விலை எவ்வளவு ஏறியது என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மட்டும்தான் உங்கள் தள்ளுபடி.

கொரோனா விதிகள்: முடிந்துவிட்டதா, ஓய்வெடுக்கிறதா?

2022 நவம்பரில் 'இன்றைய நிலை' எளிதாகத்தான் இருந்தது. முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு இலங்கையில் பரிசோதனை தேவைப்படவில்லை, சான்றிதழ் போதுமாக இருந்தது. போடாதவர்கள் பரிசோதனை முடிவு கொண்டுபோக வேண்டியிருந்தது. தாய்லாந்து 2022 அக்டோபர் 1 முதல் இந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. ஜப்பான் 2022 அக்டோபர் 11 முதல் தனிப் பயணிகளையும் அனுமதித்தது. ஆனால் மூன்று டோஸ் போட்டிருக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட் தேவைப்பட்டது. இந்தியாவில் பூஸ்டரைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த நம்மில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்போம்.

ஆனால் 'இன்றைய நிலை' என்ற சொல்லில்தான் சிக்கல். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

2021 நவம்பர் 26 அன்று, 20 மாதங்களாக நிறுத்தி வைத்திருந்த வழக்கமான சர்வதேச விமானங்கள் டிசம்பர் 15 முதல் மீண்டும் பறக்கும் என்று இந்தியா அறிவித்தது. அதே நாள், உலக சுகாதார நிறுவனம் புதிய வகை வைரஸுக்கு 'ஒமைக்ரான்' என்று பெயர் வைத்தது. டிசம்பர் 1 அன்று அந்த விமான அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 'ஆபத்துள்ள நாடுகள்' பட்டியல் வந்தது. ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் எல்லோருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமை. பிப்ரவரி 14-இல் அதுவும் போனது. வழக்கமான விமானங்கள் உண்மையில் திரும்பியது மார்ச் 27-இல்.

நான்கு மாதத்துக்குள் இத்தனை திருப்பங்கள். நவம்பர் 26 அறிவிப்பை நம்பி டிக்கெட் போட்டவருக்கு அடுத்த வாரமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

இன்னொரு பாடம், விதி என்பது நாட்டுக்கு மட்டும் அல்ல, உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் உங்கள் தடுப்பூசிக்கும்கூட என்பது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் இந்தியா கொடுத்த சான்றிதழை ஏற்கவில்லை. இந்தியா பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டன் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தலை விதிக்க, அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இறங்கி வந்தது. கோவாக்சின் போட்டவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலுக்கு 2021 நவம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்து சீட்டு நண்பர் போய் வந்தார் என்பதற்காக உங்களுக்கும் அதே விதி என்று அர்த்தமில்லை.

பணமதிப்பும் கொரோனா விதியும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். டிக்கெட் போடும் நாளில் இருப்பது கணக்கில் வராது. நீங்கள் போய் இறங்கும் நாளிலும், திரும்பி வரும் நாளிலும் இருப்பதுதான் கணக்கு.

அப்போ எப்படித் திட்டமிடுவது?

விதிகளுக்கு: நான்கு இடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். நீங்கள் போகும் நாடு, நடுவில் விமானம் மாறும் நாடு, விமான நிறுவனம், திரும்பி வரும்போது இந்தியா. நேரடி விமானம் இருக்கும் ஊர் என்றால் ஒரு தலைவலி குறைவு. சென்னையிலிருந்து கொழும்புக்கு அந்த வசதி உண்டு. புக் செய்யும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, 72 மணி நேரம் முன்பு ஒருமுறை என்று மூன்று தடவை அரசு இணையதளத்தில் பாருங்கள். யூடியூப் வீடியோவில் வேண்டாம், அது எடுக்கப்பட்ட தேதியிலேயே நின்றுவிடும்.

ரத்து செய்ய: 'நான்-ரீஃபண்டபிள்' ரேட்டில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 500 ரூபாய் மிச்சத்துக்காக 8,000 ரூபாயைப் பணயம் வைப்பது நல்ல பேரம் இல்லை. பல டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் அரசு விதி மாறியதால் ஏற்படும் ரத்தை ஏற்பதில்லை. அங்கே போய் பாசிட்டிவ் ஆனால் மருத்துவச் செலவு கிடைக்குமா, கூடுதலாகத் தங்கும் செலவு கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாலிசியில் பதில் தேடிவிட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு: உள்ளூர்ப் பணத்தை மொத்தமாக மாற்றாதீர்கள். இரண்டு, மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். விலை சரிந்துகொண்டே இருக்கும் பணத்தைக் கையில் வைத்திருப்பதும் நஷ்டம், மிச்சமானதைச் சென்னையில் திருப்பி மாற்றுவதும் நஷ்டம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இந்திய ரூபாய் நோட்டு 25,000-க்கு மேல் கூடாது.

கார்டுக்கு: வெளிநாட்டில் தேய்த்தால் பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் போட்டு வைத்தால் ரேட்டை முன்பே பூட்டிவிடலாம். ஆனால் அது டாலருக்கும் நம்ம ரூபாய்க்கும் இடையிலான ரேட்தான். கார்டு மெஷின் 'இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளூர்ப் பணத்தில் கட்டுங்கள். அந்த அன்புக்கு ஒரு மார்ஜின் உண்டு.

பேக்கேஜ் எடுத்தால்: வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பார்கள்; 2022-இல் அது 5 சதவீதம். வருமான வரித் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் இப்போது கையிலிருந்து போகும் பணம் அது. பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலுக்கு: 2022 ஜூன் 27 முதல் இரண்டு வாரம் இலங்கையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற நிலை இருந்தது. பிறகு க்யூஆர் கோடு முறையில் ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி எரிபொருள் பாஸ் இருந்தது. டாக்ஸி பேசும்போதே, அந்த வண்டிக்கு எரிபொருள் எப்படிக் கிடைக்கிறது, நடுவில் தீர்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். முடிந்த இடத்தில் ரயிலில் போங்கள்.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் கொழும்பில் சில விஷயங்கள் உங்களுக்கு உண்மையிலேயே மலிவாகத் தெரியும். அது என்ன என்று கவனியுங்கள். பெட்ரோல் இல்லை, சாப்பாடு இல்லை, ஹோட்டல் அறை இல்லை. பெரும்பாலும் அது மனித உழைப்பாக இருக்கும். வழிகாட்டியின் ஒரு நாள் கூலி, அறையைச் சுத்தம் செய்பவரின் சம்பளம், ஆட்டோ ஓட்டுநரின் காத்திருப்பு நேரம். விலைகள் 66 சதவீதம் ஏறிய நாட்டில் சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை. உங்கள் தள்ளுபடி என்று மிச்சம் நிற்பது அந்த இடைவெளிதான்.

ஐ.நா.வின் உணவு அமைப்புகள் 2022 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இலங்கையில் சுமார் 63 லட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியாகக் கிடைக்கவில்லை. மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதம். நீங்கள் பீச் ஹோட்டலில் காலை உணவு பஃபே முன் நிற்கும்போது அதைச் சமைத்தவரின் வீட்டு நிலைமை அதுவாக இருக்கலாம்.

அதற்காகப் போகக் கூடாதா? அப்படி இல்லை. அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது டாலர். 2019-இல் அங்கே சுமார் 4 லட்சம் பேரின் வேலை நேரடியாகவோ மறைமுகமாகவோ சுற்றுலாவை நம்பியிருந்தது. நீங்கள் போகாமல் இருந்தால் அவர்களில் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. 2022-இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவரில் முன்வரிசையில் இருந்தது நாம்தான். அதனால் நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் பணம் மாற்றும் இடமும் முக்கியமாகிறது. தெருவோரத்தில் ஒருவர் வங்கியைவிட சில ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்பார். அது சட்டப்படி தவறு. கள்ளநோட்டு ஆபத்தும் உண்டு. அதையெல்லாம் விடுங்கள். வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ நீங்கள் கொடுக்கும் 100 டாலர் வங்கி அமைப்புக்குள் போகிறது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் எல்.சி. திறப்பதற்கு அந்த டாலர்தான் வேண்டும். தெருவில் மாற்றினால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இலங்கை ரூபாய் விழுந்ததற்கு ஒரு காரணமே டாலர் வங்கிக்கு வராமல் வெளியே சுற்றியதுதான் என்று மேலே பார்த்தோம். உங்களுக்கு மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக அதே ஓட்டையை நீங்களும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியதில்லை.

அதேபோல ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். 2022 நவம்பரில் அவர் போட்ட பெட்ரோல் நம்ம காசில் லிட்டருக்கு 84 ரூபாய், அதுவும் வாரத்துக்கு அளவு வைத்து. "போன வருஷம் இவ்ளோதானே வாங்கினீங்க" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு வேறு ஒரு நாடு இருந்தது.

சரி, போகலாமா?

போகலாம். உங்களுக்கு அந்த ஊர் பிடித்திருந்தால், நேரடி விமானம் வசதியாக இருந்தால், நான்கு நாள் லீவு மட்டும்தான் கிடைத்திருந்தால் கொழும்பு நல்ல தேர்வுதான். 'பாதி விலை' என்று யாரோ சொன்னதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பாதி விலை அங்கே இல்லை.

2021-இல் ஆகியிருக்கக்கூடிய அதே செலவைத்தான் 2022-இலும் எதிர்பார்த்திருக்க வேண்டும். டாலரில் கட்ட வேண்டிய பகுதிக்கு 10 சதவீதம் கூட்டியிருக்க வேண்டும். விதி மாறினால் இழக்கப்போவது எவ்வளவு என்று தனியாக ஒரு தொகையை எழுதுங்கள். அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்றால் டிக்கெட் போடுங்கள். தாங்காது என்றால், ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகத் தேடுங்கள் அல்லது பொங்கலுக்குப் பிறகு யோசியுங்கள்.

அடுத்த முறை குரூப்பில் யாராவது ரேட் ஸ்கிரீன்ஷாட் போட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே இப்போ சாப்பாடு என்ன விலை?"